கருமணல் கரையில் மண்ணின் கதிரியக்கத்தை அளப்பது: மாதிரி எடுப்பதிலிருந்து உடல்நல மதிப்பீடு வரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம் பக்கம் கருமணல் படிந்த இடத்தில் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைத் தரையோடு வைத்தால் எண் சட்டென்று ஏறும். அந்த எண்ணைப் படம் எடுத்துப் பரப்புகிறவர்கள் ஒரு பக்கம். இயற்கையாக இருப்பதுதானே, ஒன்றும் ஆகாது என்று கைகழுவுகிறவர்கள் மறுபக்கம். அந்த ஊர்களில் வீடு கட்டிப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இரண்டுமே உதவாது. தங்கள் மண்ணில் என்ன இருக்கிறது, அதிலிருந்து ஆண்டுக்கு உடம்பில் எவ்வளவு வந்து சேர்கிறது, அது கவலைப்பட வேண்டிய அளவா என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்கு விடை காணும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறோம். கேரளத்தின் சவறா, கருநாகப்பள்ளிக்கும் இலங்கையின் புல்மோட்டைக்கும் தூத்துக்குடித் தேரிக்காட்டுக்கும் இதே முறைதான்.

மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். மீட்டர் அதிகம் காட்டும் இடத்தைவிட மக்கள் அதிக நேரம் இருக்கும் இடம் முக்கியம். கடைசிக் கணக்கில் வரும் பெரிய பிழைகள் பெரும்பாலும் இதை மறந்ததால் வருபவை.

மணலில் இருப்பது என்ன

இந்தக் கரையின் கதிரியக்கத்துக்குக் காரணம் மோனசைட். அருமண் தனிமங்களின் பாஸ்பேட்டான இந்தக் கனிமத்தில் தோரியமும் சிறிது யுரேனியமும் உண்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது.

இந்திய மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு எடையில் 8 முதல் 10 விழுக்காடு. ஒரு கிராம் தோரியம்-232 நொடிக்கு 4,060 சிதைவுகள், அதாவது 4,060 பெக்கரல். ஆக்சைடு 9 விழுக்காடு என்று வைத்தால் ஒரு கிலோ தூய மோனசைட்டில் தோரியம்-232 மட்டும் சுமார் 3.2 லட்சம் பெக்கரல். ஆகவே மணலில் நூற்றில் ஒரு பங்கு மோனசைட் கலந்தாலே கிலோவுக்கு 3,200 பெக்கரல் வந்துவிடும். உலக மண்ணின் நடுமதிப்பாக ஐ.நா. கதிர்வீச்சு அறிவியல் குழு தருவது கிலோவுக்குத் தோரியம் 30, ரேடியம் (யுரேனியம் சிதையும் தொடரில் வருவது) 35, பொட்டாசியம்-40க்கு 400 பெக்கரல்.

கறுப்பாக இருப்பதெல்லாம் மோனசைட் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பு நிறம் இல்மனைட்டுக்கு உரியது. அதில் தோரியம் மிகக் குறைவு. சிவப்பு கார்னெட். பத்து மடங்கு கைலென்ஸில் பார்த்தால் கறுப்பு மணிகளுக்கு இடையே தேன் நிறத்தில், முனை மழுங்கி உருண்டையாக, மெழுகு பூசியதுபோல் மின்னும் சில மணிகள் தெரியும். அவைதான் மோனசைட். இல்மனைட், மோனசைட் இரண்டும் கனமானவை என்பதால் அலை இரண்டையும் ஒரே வரியில் ஒதுக்குகிறது, அவ்வளவுதான். அலை மாறினால் அந்த வரியும் மாறும். தென்மேற்குப் பருவமழைக் காலத்துக் கடற்கரையும் தை மாதத்துக் கடற்கரையும் ஒரே எண்ணைத் தராது. தேதி எழுதாத கடற்கரை அளவீட்டுக்கு மதிப்பில்லை.

முதல் படி: மீட்டரோடு நடப்பது

மாதிரி எடுக்கும் முன் இடத்தை நடந்து அளக்க வேண்டும். சோடியம் அயோடைடு படிகம் உள்ள கருவி இதற்கு நல்லது. கைகர் மீட்டர் போதும், ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். எண்ணிக்கை 100 என்றால் பிழை 10 விழுக்காடு, 1,000 என்றால் சுமார் 3, பத்தாயிரம் என்றால் 1. திரையில் துள்ளும் எண்ணின் உச்சத்தைக் குறித்துக்கொள்வது அளவீடு ஆகாது. மொத்த எண்ணிக்கையை நேரத்தால் வகுத்து எழுதுங்கள்.

உயரம் தரையிலிருந்து 1 மீட்டர். எல்லா டோஸ் கணக்கும் (டோஸ் என்பது வாங்கும் கதிர்வீச்சின் அளவு) அந்த உயரத்தை வைத்தே போடப்பட்டது. தரையோடு வைத்து எடுத்த எண் மாதிரி எடுக்கும் இடத்தைத் தேர்வு செய்ய மட்டும் உதவும். கைகர் மீட்டரில் பீட்டா மூடி இருந்தால் மூடியே அளக்க வேண்டும். திறந்தால் மணலின் பீட்டா கதிரும் சேர்ந்து எண் பொய்யாக ஏறும்.

திறந்தவெளியில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி போதும். வீட்டில் ஒவ்வொரு அறையின் நடுவிலும், படுக்கும் இடத்திலும், திண்ணையிலும், முற்றத்திலும் அளவு எடுங்கள். பள்ளி, அங்கன்வாடி, வலை பின்னும் கொட்டகை எதையும் விட வேண்டாம்.

கருவி காட்டும் எண்ணில் மண்ணின் பங்கு எவ்வளவு என்று தெரிய, அதன் சொந்தப் பின்னணியையும் விண்வெளிக் கதிரின் பங்கையும் கழிக்க வேண்டும். கடலோரத்தில் இதற்கு எளிய வழி உண்டு. ஃபைபர் வள்ளத்தில் கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் போய், சில மீட்டர் ஆழமுள்ள நீரின் மேல் பத்து நிமிடம் அளந்தால் போதும். மண்ணின் காமாவை நீர் தடுத்துவிடும். மிச்சம் இருப்பது கருவியும் வானமும். கடல் மட்டத்தில் விண்வெளிக் கதிர் மணிக்கு 30 நானோ கிரே அளவில் இருக்கும் (கிரே என்பது உள்வாங்கிய கதிர் ஆற்றலின் அலகு).

அலகில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய மீட்டர்கள் மைக்ரோ ராண்ட்ஜனில் காட்டும். 1 மைக்ரோ ராண்ட்ஜன் சுமார் 8.7 நானோ கிரே. புதியவை, உடலில் ஏற்படும் விளைவையும் கணக்கில் கொள்ளும் அலகான சீவர்ட்டில், மைக்ரோ சீவர்ட்டாகக் காட்டும். அந்தச் சீவர்ட் கருவி அளவுத்திருத்தத்துக்காக வகுக்கப்பட்ட ஒன்று. உடல் முழுவதும் வாங்கும் பயனுறு டோஸ் வேறு. இயற்கைக் காமாவுக்குக் காற்றில் 1 கிரே என்பது மீட்டரில் சுமார் 1.2 சீவர்ட்டாகத் தெரியும், பெரியவரின் உடலுக்கோ 0.7 சீவர்ட்தான். மீட்டர் எண்ணை அப்படியே 8,760 மணியால் பெருக்கி ஆண்டு டோஸ் என்று எழுதினால் கிட்டத்தட்ட 1.7 மடங்கு கூடிவிடும். விண்வெளிக் கதிரைக் கழிக்காததும், ஒருவர் 24 மணி நேரமும் அதே இடத்தில் நிற்பதாக எடுத்துக்கொண்டதும் சேர்ந்தால் எங்கேயோ போய்விடும்.

இரண்டாம் படி: மாதிரி எடுத்தல்

விலையுயர்ந்த டிடெக்டரால் மோசமான மாதிரியைத் திருத்த முடியாது. இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்.

10 மீட்டர் சதுரத்தை ஒரு இடமாக வைத்து, நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து குழி எடுங்கள். உலர் மணலில் குழாயை அடித்தால் சரிந்து கொட்டும். 10 செ.மீ. சதுரத் தகரச் சட்டத்தை மணலில் அழுத்தி, உள்ளே இருப்பதை மட்டும் கரண்டியால் அள்ள வேண்டும். இயற்கைக் கதிரியக்கத்துக்கு ஆழம் 15 செ.மீ. குழந்தைகள் கைவைக்கும் மேல்மண் பற்றிய கேள்வி என்றாலோ, அணுகுண்டுச் சோதனைகளால் படிந்த சீசியத்தைத் தேடினாலோ, மேல் 5 செ.மீ.யைத் தனி மாதிரியாக எடுக்க வேண்டும்.

ஐந்து குழியும் சேர்ந்து ஏறக்குறைய 12 கிலோ வரும். தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு கால்பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளுங்கள். மூன்று முறை செய்தால் 1.5 கிலோ மிஞ்சும். மோனசைட்டின் அடர்த்தி சுமார் 5, வெண்மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. உலர்ந்த மணலை உயரத்திலிருந்து கொட்டினாலும், பையைக் குலுக்கினாலும், வண்டியில் வரும் அதிர்விலும் கனமணிகள் கீழே இறங்கிவிடும். பையின் மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தவருக்கு ஒரு விடையும் அடியிலிருந்து எடுத்தவருக்கு வேறொரு விடையும் வரும். ஆகவே மணல் சற்று ஈரமாக இருக்கும்போதே கலந்து பிரியுங்கள். ஆய்வகத்தில் டப்பாவில் நிரப்பும் முன் இன்னொரு முறை கலந்து பிரியுங்கள்.

பத்து மாதிரிக்கு ஒன்று, அதே இடத்தில் புதிதாகக் குழி எடுத்து இரட்டை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பிழை. கருவி அச்சடித்துத் தரும் 3 விழுக்காட்டை நம்பி இருக்க வேண்டாம்.

சீட்டில் இடத்தின் அட்சம், தீர்க்கம், தேதி, ஆழம், 1 மீட்டர் உயர அளவு, மணல் வந்த வழி (அலை கொண்டுவந்ததா, லாரியில் வந்து அடிக்கப்பட்டதா) எல்லாம் இருக்க வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் அணுசக்திச் சட்டப்படி மோனசைட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். அனுமதி இல்லாமல் அதைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கி வைத்திருப்பதோ அனுப்புவதோ கூடாது. மணலை மணலாகவே, சோதனைக்கு வேண்டிய அளவு மட்டும், ஆய்வகத்தின் கடிதத்தோடு எடுங்கள்.

மூன்றாம் படி: உலர்த்தி, சலித்து, அடைத்து வைத்தல்

அகன்ற தட்டில் பரப்பி 105 முதல் 110 டிகிரி செல்சியஸில் ஓவனில் வையுங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நிறுத்து எடை மாறாவிட்டால் உலர்ந்துவிட்டது என்று பொருள். வழக்கமாக ஒரு நாள் ஆகும். ஈரத்தோடு நிறுத்தால் நீரும் கிலோவில் சேர்ந்து கதிரியக்கம் குறைவாகத் தெரியும்.

சல்லடை 2 மி.மீ. மட்டும். அதற்கும் நுண்ணியதில் சலித்து, தங்கியதைக் கொட்டிவிடுவது இங்கே பெரிய தவறு. மோனசைட் மணிகள் நுண்ணியவை, 0.1 முதல் 0.2 மி.மீ. அளவிலானவை. பருமனான குவார்ட்ஸையும் சிப்பித் துண்டையும் தள்ளிவிட்டால், இருக்கும் தோரியம் குறைந்த எடையில் செறிந்து எண் ஏறும். 2 மி.மீ.யில் தங்கியதையும் நிறுத்து, எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள்.

அடுத்தது டப்பா. ரேடியம்-226 சிதைந்து ரேடான் என்ற வாயு ஆகிறது. நாம் உண்மையில் எண்ணுவது அந்த ரேடானுக்கு அடுத்து வரும் காரீயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றின் காமாவை. ரேடான் கசிந்தால் ரேடியத்தின் விடை குறையும். மெல்லிய பாலிதீன் பை ரேடானை நிறுத்தாது. தடித்த சுவருள்ள பிளாஸ்டிக் டப்பாவையோ அலுமினியப் பாத்திரத்தையோ எடுத்து, மேலே காலி இடம் இல்லாமல் நிரப்பி, மூடியின் விளிம்பைப் பசையால் அடைத்து, மேலே டேப் சுற்றி, அடைத்த தேதியை எழுதி நான்கு வாரம் வையுங்கள். ரேடானின் அரை ஆயுள் 3.82 நாள், 28 நாளில் 99 விழுக்காட்டுக்கு மேல் மீண்டுவிடும். ஒரு வாரத்தில் எண்ணினால், வெளியேறிய ரேடானில் 72 விழுக்காடுதான் மீண்டிருக்கும். அவசரத்தில் பலர் விடும் படி இது. தோரியம் சிதையும் தொடரில் வரும் தோரானின் (ரேடானின் இன்னொரு வடிவம்) அரை ஆயுள் 55.6 நொடிதான், ஆகவே தோரியத்துக்கு இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை.

நான்காம் படி: எண்ணுதல்

உயர்தூய ஜெர்மானியம் டிடெக்டர்தான் சரியான கருவி. சுற்றிலும் 10 செ.மீ. காரீயக் கவசம், உள்ளே செம்புத் தகடு. அளவுத்திருத்தத்துக்குச் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆர்ஜியூ-1 (கிலோவுக்கு 4,940 பெக்கரல் யுரேனியம்), ஆர்ஜிடிஹெச்-1 (3,250 பெக்கரல் தோரியம்), ஆர்ஜிகே-1 (14,000 பெக்கரல் பொட்டாசியம்-40) ஆகிய குறிப்புப் பொருட்கள் உள்ளன. மாதிரி இருக்கும் அதே வகை டப்பாவில், அதே உயரத்துக்கு நிரப்பி எண்ண வேண்டும்.

அதிலும் கனமணலுக்குத் தனிக் கவனம் வேண்டும். குறிப்புப் பொருள் லேசான தூள்; கருமணல் அதைவிட இரு மடங்குகூடக் கனக்கும். தாழ் ஆற்றல் காமாவை மணலே விழுங்கிவிடும். காரீயம்-212இன் 238.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பீக்கை (அந்தக் காமா ஆற்றலில் எழும் முகட்டை) வைத்துத் தோரியம் சொன்னால் விடை குறையும். 911.2இல் உள்ள ஆக்டினியம்-228 பீக்கை முதன்மையாக எடுங்கள். 583.2இல் உள்ள தாலியம்-208 பீக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால், அடர்த்தித் திருத்தத்தையோ டப்பா டிடெக்டரை ஒட்டி இருப்பதால் இரண்டு காமா ஒன்றாக எண்ணப்படும் கூட்டுப் பீக் திருத்தத்தையோ விட்டிருப்பீர்கள். ரேடியத்துக்கு 351.9, 609.3 பீக்குகள். 186 பீக்கை நேரடியாக எடுக்காதீர்கள். யுரேனியம்-235 அதே இடத்தில் நிற்கிறது.

கணக்கு இதுதான்: நிகர எண்ணிக்கையை, திறன் (வரும் காமாவில் டிடெக்டர் எண்ணும் பங்கு) × காமா வீதம் (ஒரு சிதைவுக்கு அந்தக் காமா வரும் பங்கு) × நொடி × கிலோ என்ற பெருக்கத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 911.2 பீக்கில், காலி டப்பாவின் பின்னணியைக் கழித்தபின் 41,800 எண்ணிக்கை, திறன் 0.015, காமா வீதம் 0.258; நேரம் 60,000 நொடி; எடை 0.45 கிலோ. வகுக்கும் எண் 104.5. விடை கிலோவுக்கு 400 பெக்கரல்.

பொட்டாசியத்தில் ஒரு பொறி உண்டு, தோரியம் மிகுந்த மணலில் மட்டும் கடிக்கும் பொறி. பொட்டாசியம்-40இன் பீக் 1460.8. ஆக்டினியம்-228க்கு 1459.1இல் 0.83 விழுக்காட்டு வீதத்தில் சிறு பீக் இருக்கிறது. ஜெர்மானியம்கூட இரண்டையும் பிரித்துக் காட்டாது. தோரியம் 400 என்றால் அந்தச் சிறு பீக் மட்டும் பொட்டாசியம் 31 பெக்கரல்போல் நடிக்கும். மென்பொருள் 181 என்று சொன்னால் உண்மை 150. தோரியம் 3,000 ஆகும் திட்டில் இந்தப் போலி 230ஐத் தாண்டும். அதில் பொட்டாசியமே இல்லாமலும் இருக்கலாம்.

சோடியம் அயோடைடு மட்டும் இருக்கும் ஆய்வகத்தில் 1460 (பொட்டாசியம்), 1765 (ரேடியம்), 2614 (தோரியம்) ஆகியவற்றைச் சுற்றிய மூன்று ஆற்றல் சாளரங்களை வைத்து எண்ணலாம். 2614இன் சிதறல் கீழ்ச் சாளரங்களில் விழுவதைக் கழிக்கும் குணகங்களை அந்தக் குறிப்புப் பொருட்களைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். இங்கத்திய மணலில் ரேடியத்தின் விடை சில நேரம் எதிர்க்குறியில் வரும். அதைப் பூஜ்யமாக மாற்றி எழுதாமல் கண்டறி வரம்புக்குக் கீழ் என்று எழுதுங்கள். வெயிலில் கருவி சூடானால் பீக் நகரும். மணிக்கு ஒரு முறை சீசியம் மூலத்தின் 661.7 இடத்தைச் சரிபாருங்கள்.

சீசியம்-137 இருக்கிறதா, அணுமின் நிலையத்திலிருந்து ஏதாவது வந்ததா என்பது கல்பாக்கம், கூடங்குளம் பக்கத்து மக்கள் கேட்கும் நியாயமான கேள்வி. கல்பாக்கம் கடற்கரையிலும் மோனசைட் உண்டு என்பதால் கைமீட்டரால் அதற்கு விடை சொல்லவே முடியாது. சோடியம் அயோடைடும் தடுமாறும். 583, 609 பீக்குகள் அகலமாகப் பரவி 661.7இன் அடிவாரத்தை மூடிவிடும். இதற்கு ஜெர்மானியத்தைத் தவிர வேறு வழியில்லை. அங்கே ஒரு சிறு பீக் தெரிந்தாலும் அதற்கு முதல் விளக்கம், 1950களிலும் 60களிலும் உலகம் முழுதும் படிந்த அணுகுண்டுச் சோதனைத் தூசு. பிற இடங்களின் மேல்மண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் வேறு எதையும் சொல்ல முடியும்.

அமிலத்தில் கரைத்து நிறமாலை எடுத்துத் தோரியத்தை ‘பிபிஎம்’மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று) சொல்கிறோம் என்று சில ஆய்வகங்கள் முன்வரும். 1 பிபிஎம் தோரியம் கிலோவுக்கு 4.06 பெக்கரல், மாற்றுவது எளிது. ஆனால் மோனசைட் நைட்ரிக் அமிலத்தில் முழுதாகக் கரையாது. உருக்கிக் கரைக்காவிட்டால் விடை குறையும். அதோடு அவர்கள் எடுப்பது 0.2 கிராம். கிலோவுக்கு 400 பெக்கரல் உள்ள மணலில் அந்தச் சிட்டிகைக்குள் வரும் மோனசைட் மணிகள் முப்பதுக்கும் குறைவு. இன்னும் ஐந்து மணி கூடியோ குறைந்தோ விழுந்தாலே விடை கிட்டத்தட்ட 20 விழுக்காடு ஆடிவிடும். அரைக் கிலோவை அப்படியே எண்ணும் காமா முறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஐந்தாம் படி: பெக்கரலிலிருந்து டோஸுக்கு

ரேடியம் 60, தோரியம் 400, பொட்டாசியம் 150 என்ற மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் அதற்குரிய மாற்றுக் குணகத்தால் பெருக்கிக் கூட்டினால் 1 மீட்டர் உயரத்தில் காற்றில் டோஸ் வீதம்:

0.462 × 60 + 0.604 × 400 + 0.0417 × 150 = 27.7 + 241.6 + 6.3 = மணிக்கு 276 நானோ கிரே

உலகச் சராசரி 59. இதற்கும் நீங்கள் நடந்து அளந்த எண்ணுக்கும் உறவு இருக்க வேண்டும். இந்த மண்ணின் மேல் சீவர்ட் மீட்டர் ஏறத்தாழ 0.36 மைக்ரோ சீவர்ட் காட்டும் (0.33 மண், 0.03 வானம்). மீட்டர் இதைப்போல் இரு மடங்கு காட்டினால் மாதிரி அந்த இடத்தின் மாதிரி அல்ல. திரும்பப் போய் எடுங்கள்.

ஆண்டு டோஸுக்கு, வெளியே 20 விழுக்காடு நேரம் என்ற ஐ.நா. குழுவின் வழக்கப்படி: 276 × 8,760 × 0.2 × 0.7 = 0.34 மில்லி சீவர்ட். கட்டுமரத்திலும் கரையிலும் பகலைக் கழிப்பவருக்கு 20 விழுக்காடு பொருந்தாது. அவரவர் மணிக்கணக்கைக் கேட்டு எழுதுங்கள். 0.7 என்பது பெரியவர்களுக்கு. சிறுவர்களுக்கு 0.8, கைக்குழந்தைகளுக்கு 0.9.

வீட்டுக்குள்தான் கணக்கு தடம் மாறும். உள்ளூர் மண்ணாலேயே கட்டிய வீடென்றால் உள்ளே டோஸ் வெளியே இருப்பதைப்போல் 1.4 மடங்கு என்று எடுப்பார்கள். அப்படிப் போட்டால் உள்ளே 1.89, மொத்தம் 2.2 மில்லி சீவர்ட். ஆனால் வெளியூர்ச் செங்கல், எம்-சாண்ட், கான்கிரீட் தளம் கொண்ட வீட்டில் உள்ளே வெளியைவிடக் குறையும். தளம் கீழிருந்து வரும் காமாவை ஓரளவு தடுக்கும். இதற்கு நேர்மாறாக, வெளி மண் சாதாரணமாக இருந்தும் பேஸ்மட்டம் நிரப்பக் கருமணல் அடித்த வீடு உள்ளே அதிகம் காட்டும். 80 விழுக்காடு நேரம் கழியும் இடத்தை ஒரு பொதுக் குணகத்தால் ஊகிக்க வேண்டாம். உள்ளே போய் அளந்துவிடுங்கள்.

கட்டடப் பொருளுக்கு ரேடியம் சமன் என்றொரு கணக்கும் உண்டு: ரேடியம் + 1.43 × தோரியம் + 0.077 × பொட்டாசியம். வரம்பு 370. நம் மாதிரிக்கு 644 வருகிறது. இந்த மணலைச் சுவருக்கும் பூச்சுக்கும் பயன்படுத்த வேண்டாம் என்பதற்கு இது போதுமான காரணம். அந்த மண்ணின் மேல் நடப்பவருக்கு என்ன ஆகும் என்பதை இந்த எண் சொல்லாது. ஆய்வறிக்கைகள் பலவும் இதோடு இன்னும் ஐந்தாறு குறியீடுகளைப் போட்டு அட்டவணையை நீட்டுகின்றன. எல்லாமே அதே மூன்று எண்களின் மறுவடிவங்கள்தான். புதிதாக எதையும் அளந்துவிடவில்லை.

மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும்

வெளிக் காமா பாதிக் கதைதான். ரேடானும் தோரானும் வீட்டுக் காற்றில் சேரும். ரேடானுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறிப்பு அளவு கனமீட்டருக்கு 100 பெக்கரல். அது முடியாத இடத்திலும் 300ஐத் தாண்டக் கூடாது. தோரியம் மிகுந்த ஊரில் ரேடானையும் தோரானையும் பிரித்தறியாத சாதாரண டப்பா டிடெக்டரைத் தொங்கவிட்டால், தோரானும் உள்ளே புகுந்து ரேடான்போல் எண்ணப்படும். இதற்காகவே இந்தியாவில் ஊசித்துளை வகை இரட்டை அறை டிடெக்டர்களை, எல்ஆர்-115 படச்சுருளோடு பயன்படுத்துகிறார்கள். மூன்று மாதம் தொங்கவிட்டு, 2.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 60 டிகிரியில் 90 நிமிடம் அரித்துத் தடங்களை எண்ணுவார்கள். தோரான் ஒரு நிமிடம்கூட நிலைக்காததால் சுவருக்கும் தரைக்கும் அருகே மட்டும் இருக்கும். தொங்கவிடும் இடம் சுவரிலிருந்து எத்தனை செ.மீ. என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. நுரையீரலுக்குக் கேடு செய்வது தோரான் சிதைந்து உண்டாகும் சேய்களான காரீயம்-212உம் பிஸ்மத்-212உம். அவை அறை முழுதும் பரவும், ஆகவே சேய்களை நேரடியாக அளக்கும் சென்சாரும் வேண்டும். வெறும் மணல் தரையில் பாய் விரித்துப் படுப்பவருக்கு இந்தப் பங்கு காமாவுக்குச் சமமாகவே வரக்கூடும்.

புழுதி சாதாரண வீட்டில் சிறிய பங்குதான். காற்றில் கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம் மண்தூசு, ஆண்டுக்கு 8,000 கனமீட்டர் மூச்சு, கிலோவுக்கு 400 பெக்கரல் தோரியம் என்று வைத்தால் உள்ளே போவது 0.32 பெக்கரல். அதற்கு 8 மைக்ரோ சீவர்ட், தொடரின் தோரியம்-228ஐச் சேர்த்தால் 20 சொச்சம். ஆனால் உலர் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலைக்குள் கணக்கே வேறு. அங்கே கனமீட்டருக்கு 1 மில்லிகிராம் மோனசைட் தூசு ஆண்டு முழுதும் வேலை நேரத்தில் மூச்சில் போனால், தோரியம்-232 மட்டுமே 9 மில்லி சீவர்ட். இந்தியாவில் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரி வரம்பு ஆண்டுக்கு 20, எந்த ஓர் ஆண்டிலும் 30. கரைவாசிகளையும் ஆலைத் தொழிலாளிகளையும் ஒரே அட்டவணையில் போடுவது தொழிலாளிக்குச் செய்யும் அநீதி. அவருக்குத் தனி அளவீடு, மூச்சுக்காற்று வடிகட்டி மாதிரி, முகக்கவசம் எல்லாம் தேவை.

குழந்தைகள் மண் தின்பதை மறக்க வேண்டாம். நாளுக்கு 100 மில்லிகிராம் மண் என்று எடுத்தால் ஆண்டுக்கு 36.5 கிராம், நம் மாதிரியில் அதில் தோரியம் தொடரின் ஒவ்வொரு உறுப்பும் சுமார் 15 பெக்கரல். அதில் ரேடியம்-228தான் முக்கியம், எலும்பில் சேரும். ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு அது 0.08 மில்லி சீவர்ட்டை ஒட்டி வரும். மணி கரையாமலே வெளியேறிவிடுவதால் உண்மை இதைவிடக் குறைவாக இருக்கும்.

ஆபத்தை எப்படிச் சொல்வது

பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட் என்ற வரம்பு, மனிதன் நடத்தும் தொழிலிலிருந்து கூடுதலாக வருவதற்கு. இயற்கை மண்ணுக்கு அது பொருந்தாது. ‘வரம்பைத் தாண்டியது’ என்று இங்கே எழுதுவது தவறு. உலகச் சராசரி இயற்கை டோஸே 2.4 மில்லி சீவர்ட். அதில் மண்ணின் காமா 0.48. ஆனால் ஆலைக் கழிவையோ, பிரித்தபின் மிஞ்சிய மணலையோ குடியிருப்பில் கொட்டினால் அது இயற்கையல்ல, அந்த வரம்பு அங்கே செல்லும். மணல் எங்கிருந்து வந்தது என்று சீட்டில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

நம் எடுத்துக்காட்டில் மண்ணின் காமா மட்டும் மொத்தம் 2.2, அதற்கான உலகச் சராசரி 0.48ஐவிட 1.75 கூடுதல். 70 ஆண்டுக்கு 122 மில்லி சீவர்ட். சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007இல் தந்த குணகம் சீவர்ட்டுக்கு 5.5 விழுக்காடு, பெருக்கினால் 0.7 விழுக்காடு. இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும் என்பது தேசியப் பதிவேட்டின் மதிப்பீடு, அதாவது சுமார் 11 விழுக்காடு. அந்த 11, 11.7 ஆகக்கூடும் என்பதே கணக்கின் பொருள். இது திட்டமிடுவதற்கான கணக்கு, தனி ஆளுக்குச் சொல்லும் சோதிடம் ஆகாது. ஒருவருக்கு வந்த நோயைக் காட்டி, மணலால்தான் வந்தது என்றோ மணலால் வரவே இல்லை என்றோ இதை வைத்துச் சொல்ல முடியாது.

கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. அங்கே கரையோரத்தில் சில இடங்களில் வெளிக் காமா ஆண்டுக்கு 70 மில்லி கிரே வரை உண்டு. 1,379 புற்றுநோய்களில் டோஸ் கூடக்கூட நோய் கூடுவதாகத் தெரியவில்லை. பெரிய ஆய்வு, மதிக்க வேண்டிய முடிவு. ஆனால் அதன் புள்ளியியல் எல்லைக்குள் மேலே சொன்ன 0.7 விழுக்காடு போன்ற சிறு கூடுதல் மறைந்து நிற்க இடம் இருக்கிறது. லுகேமியா வெறும் 30 பேர். அதை வைத்து எந்தப் பக்கமும் அடித்துப் பேச முடியாது. ‘ஆபத்து பெரிதல்ல என்று தெரிகிறது’ என்பது நேர்மையான வாக்கியம். ‘ஆபத்தே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது’ என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை.

அளந்தபின் செய்யக்கூடியவை

செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் வீட்டுக்குள்தான். மணல் தரையை 10 செ.மீ. கான்கிரீட்டால் மூடினால் தோரான் மேலே வரும் முன்பே சிதைந்துவிடும், காமாவும் குறையும். விரிசலைப் பூசி அடையுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், இவை ரேடானுக்கு. புது வீட்டுக்கு மணல் அடிக்கும் முன் ஒவ்வொரு லோடிலும் மீட்டர் வையுங்கள். குவியலின் மேல் காட்டும் எண் ஊரின் சாதாரண மண்ணில் காட்டுவதைவிட இரு மடங்குக்கு மேல் போனால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். அங்கன்வாடி முற்றத்தில் மேல் 20 செ.மீ. மணலை எடுத்துவிட்டுச் சாதாரணச் செம்மண் போடுவது ஒரு நாள் வேலை. போட்ட பிறகு அதே புள்ளிகளில், அதே 1 மீட்டர் உயரத்தில், அதே கருவியால் மறுபடி அளந்து பழைய சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த பருவமழை முடிந்ததும் இன்னொரு முறை அளக்க வேண்டும். கடற்கரைக்கு அருகில் காற்று கொண்டுவந்து கொட்டும் மணல் ஓராண்டில் அந்த வேலையைப் பாதி கெடுத்துவிடலாம்.